45 நிமிஷத்துல 46 கோடி டாலர் காலி: ஒரே ஒரு சர்வர்ல விட்டுப்போன வேலை



நம்ம சேனல்ல பங்கு, மியூச்சுவல் ஃபண்ட், டேர்ம் இன்சூரன்ஸ்னு நிறைய பேசியிருக்கோம். இன்னைக்குக் கொஞ்சம் வேற பக்கம் போகலாம். நீங்க ஆப்பைத் திறந்து "பை" பட்டனைத் தட்டுறீங்க. அந்த ஆர்டர் எங்கயோ ஒரு டேட்டா சென்டர்ல இருக்கிற சர்வருக்குப் போகுது. அந்த சர்வரை யார் தயார் பண்ணாங்க, எப்படித் தயார் பண்ணாங்க, அதுல ஒரு படி விட்டுப்போனா நம்ம பணத்துக்கு என்ன ஆகும்? இதுதான் இன்னைக்கு டாபிக்.

"சார், இது ஐடி ஆளுங்க சமாச்சாரம், நமக்கு எதுக்கு?"ன்னு சிலர் நினைக்கலாம். கீழே வர்ற கதையைப் படிச்சுட்டு முடிவு பண்ணுங்க. ஒரு நல்ல லாபத்துல ஓடிக்கிட்டிருந்த கம்பெனியோட பங்கு ரெண்டே நாள்ல 10.33 டாலர்ல இருந்து 2.58 டாலருக்கு விழுந்தது. காரணம் மோசடியும் இல்ல, வாராக்கடனும் இல்ல. எட்டு சர்வர்ல ஒரு சர்வருக்குப் புது சாஃப்ட்வேர் போய்ச் சேரல. அவ்வளவுதான்.

நைட் கேப்பிடல்: நடந்தது என்ன?

அமெரிக்காவுல நைட் கேப்பிடல்னு ஒரு பெரிய டிரேடிங் கம்பெனி. 2012-ல அமெரிக்கப் பங்குச் சந்தையில நடந்த மொத்த வர்த்தகத்துல சுமார் 10% இவங்க கை வழியாத்தான் போச்சு. சின்ன முதலீட்டாளர்களோட ஆர்டரை புரோக்கர்கள் இவங்ககிட்ட அனுப்புவாங்க, இவங்க அதை நிறைவேத்திக் கொடுப்பாங்க.

இவங்ககிட்ட ஸ்மார்ஸ்னு ஒரு சிஸ்டம் இருந்தது. பெரிய ஆர்டர் வந்தா, அதைச் சின்னச் சின்ன ஆர்டரா உடைச்சு சந்தைக்கு அனுப்புறது அதோட வேலை. இது எட்டு சர்வர்ல ஓடிச்சு.

2012 ஆகஸ்ட் 1-ம் தேதி நியூயார்க் பங்குச் சந்தை சில்லறை முதலீட்டாளர்களுக்காக ஒரு புதுத் திட்டம் ஆரம்பிச்சது. அதுல கலந்துக்க நைட் கம்பெனி புது நிரல் எழுதிச்சு. ஜூலை 27-ல இருந்து கொஞ்சம் கொஞ்சமா ஒவ்வொரு சர்வரா ஏத்தினாங்க. யார் ஏத்தினது? ஒரு டெக்னீஷியன், கையால. ஏழு சர்வர்ல சரியா ஏறிச்சு. எட்டாவது சர்வர்ல காப்பி ஆகல. ரெண்டாவது ஆள் ஒருத்தர் சரிபார்க்கணும்னு எழுதி வெச்ச விதி எதுவும் கிடையாது. அதனால யாருக்கும் தெரியல.

இதுல இன்னொரு சிக்கலும் இருந்தது. அந்த எட்டாவது சர்வர்ல "பவர் பெக்"னு ஒரு பழைய நிரல் தூங்கிக்கிட்டிருந்தது. 2003-லயே பயன்படுத்துறதை நிறுத்தினது, ஆனா அழிக்கல. புது நிரலுக்கு "ஆன்" பண்றதுக்குன்னு புது அடையாளம் வைக்காம, பவர் பெக்குக்கு ஒரு காலத்துல இருந்த அதே அடையாளத்தையே எடுத்துப் போட்டாங்க. பழைய வீட்டுல பம்ப் செட்டுக்கு இருந்த ஸ்விட்ச்சைப் புது ஏசிக்கு மாத்திக் கொடுத்த மாதிரி. ஏழு ரூம்ல ஒயரை மாத்திட்டாங்க. எட்டாவது ரூம்ல மட்டும் ஒயர் இன்னும் பம்ப்புக்குத்தான் போகுது. ஸ்விட்ச்சைத் தட்டினா என்ன ஆகும்?

காலை 9.30-க்குச் சந்தை திறந்தது. எட்டாவது சர்வருக்கு 212 ஆர்டர்தான் வந்தது. ஆனா பவர் பெக் முழிச்சிக்கிச்சு. "போதும், ஆர்டர் நிறைஞ்சிடுச்சு"ன்னு கணக்கு வெச்சு நிறுத்துற பகுதியை 2005-லயே அதுகிட்ட இருந்து வேற இடத்துக்கு மாத்திட்டாங்க. அதுக்கப்புறம் பவர் பெக்கை யாரும் சோதிச்சுப் பார்க்கல. அதனால அதுக்கு நிறுத்தத் தெரியல. வாங்கிக்கிட்டே, வித்துக்கிட்டே இருந்தது.

45 நிமிஷத்துல நடந்தது இது:

- 154 கம்பெனிப் பங்குகள்ல 40 லட்சம் டிரேடு.
- கை மாறினது 39.7 கோடிக்கும் மேல பங்குகள்.
- 80 பங்குகள்ல சுமார் 350 கோடி டாலருக்கு வாங்கின நிலை. 74 பங்குகள்ல சுமார் 315 கோடி டாலருக்கு ஷார்ட் நிலை.
- கடைசியில நஷ்டம் 46 கோடி டாலருக்கும் மேல. அன்னைய டாலர் ரேட்ல சுமார் 2,500 கோடி ரூபாய்.

வைத்தியம் நோயை விட மோசம்

கதையில ரெண்டு விஷயம் என்னைத் தூங்க விடாத விஷயம்.

ஒண்ணு: சந்தை திறக்கறதுக்கு முன்னாடியே, காலை 8.01-ல இருந்து, அந்தச் சிஸ்டம் ஊழியர்களுக்கு 97 ஈமெயில் அனுப்பியிருக்கு. "பவர் பெக் டிசேபிள்டு"ன்னு பிழைச் செய்தி அதுலயே இருந்தது. ஆனா அதை எச்சரிக்கையா யாரும் எடுத்துக்கல. தினமும் வர்ற மெயிலோட மெயிலா போயிடுச்சு. நம்ம போன்ல பேங்க் மெசேஜைத் திறக்காமலே ஒதுக்கித் தள்ளுறோமே, அதே கதை.

ரெண்டு: பிரச்சினை வெடிச்சதும், "புது நிரல்லதான் கோளாறு போல"ன்னு நினைச்சு, சரியா இருந்த ஏழு சர்வர்ல இருந்தும் புது நிரலை எடுத்துட்டாங்க. இப்ப என்ன ஆச்சு? எட்டு சர்வர்லயும் பழைய பவர் பெக்! நஷ்டம் இன்னும் வேகமாச்சு. எந்தச் சர்வர்ல என்ன பதிப்பு ஓடுதுன்னு அந்த நேரத்துல ஒரே திரையில பார்க்க முடிஞ்சிருந்தா, இந்த முடிவே எடுத்திருக்க மாட்டாங்க.

ஆகஸ்ட் 6-ம் தேதி ஜெஃப்ரீஸ், பிளாக்ஸ்டோன், கெட்கோ, டிடி அமெரிட்ரேட் உள்ளிட்ட கூட்டம் 40 கோடி டாலர் போட்டுக் கம்பெனியைக் காப்பாத்திச்சு. ஆனா பதிலுக்குக் கம்பெனியில 70%-க்கும் மேல பங்கு அவங்களுக்குப் போச்சு. ஏற்கனவே பங்கு வெச்சிருந்த சாதாரண முதலீட்டாளர் நிலைமை? கையில இருந்த பங்கோட எண்ணிக்கை அதேதான், ஆனா கம்பெனியில அவர் பங்கு கால்வாசியாச்சு. அடுத்த வருஷமே கெட்கோவோட இணைச்சிட்டாங்க. 2013 அக்டோபர்ல அமெரிக்கச் சந்தை ஒழுங்குமுறை ஆணையமான எஸ்இசி 1.2 கோடி டாலர் அபராதம் போட்டுச்சு. மேலே சொன்ன விவரங்கள்ல பெரும்பகுதி அந்த உத்தரவுல பதிவானதுதான்.

கூட்டு வட்டி நமக்கு எதிரா வேலை செய்யும்போது

"ஒரு ஆள் கவனக்குறைவா இருந்துட்டாரு, அவரை மாத்தினா சரியாப் போச்சு"ன்னு தோணலாம். கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

ஒரு டெக்னீஷியன் ரொம்பக் கெட்டிக்காரர்னு வைங்க. 100 தடவை செஞ்சா 99 தடவை சரியாச் செய்வார். எட்டு சர்வர்லயும் தப்பே இல்லாம முடிக்க எவ்வளவு வாய்ப்பு? 0.99-ஐ எட்டு தடவை பெருக்கணும். 92% வருது. பரவாயில்லையே!

இப்ப 100 சர்வர்னு வைங்க. 0.99-ஐ 100 தடவை பெருக்கினா 37% கூட வராது. அதாவது மூணுல ரெண்டு தடவை, எங்கயாவது ஒரு சர்வராவது தப்பா நிக்கும். ஆள் அதே ஆள், திறமை அதே திறமை. எண்ணிக்கைதான் கூடியிருக்கு.

எஸ்ஐபி போடும்போது கூட்டு வட்டி நம்ம பக்கம் நின்னு வேலை செய்யும்னு நான் அடிக்கடி சொல்வேன். கையால செய்யற வேலையில அதே பெருக்கல் நமக்கு எதிரா நிக்கும். கூகுள், அமேசான் மாதிரி லட்சக்கணக்கில சர்வர் வெச்சிருக்கிறவங்க கையால செய்யணும்னு நினைச்சாக்கூட முடியாது. ஆட்டோமேஷன் அவங்களுக்கு வசதிக்காக வந்தது இல்ல, வேற வழியே இல்லாம வந்தது.

ஒரு சர்வர் எப்படி "வேலைக்குச் சேருது"?

டேட்டா சென்டருக்கு ஒரு புது சர்வர் பெட்டியில வருது. ரேக்கில மாட்டி, கரண்ட், நெட்வொர்க் கேபிள் சொருகறது வரைக்கும் மனுஷன்தான். அதுக்கப்புறம் கையால செய்யறதா இருந்தா, ஒருத்தர் கீபோர்டு, மானிட்டர் தள்ளிக்கிட்டுப் போய் ஒவ்வொரு பெட்டியா ஆபரேட்டிங் சிஸ்டம் ஏத்தி, ஐபி முகவரி கொடுத்து, பாஸ்வேர்டு வெச்சு, பாதுகாப்பு அமைப்பைச் சரி பண்ணி, கடைசியில எக்செல்ல "ரேக் 12, பெட்டி 7, முடிஞ்சது"ன்னு எழுதணும். அந்த எக்செல் அடுத்த மாசமே உண்மையா இருக்காது.

ஆட்டோமேஷன்ல இப்படி நடக்கும்:

1. சர்வருக்குள்ள ஒரு வாட்ச்மேன். ஒவ்வொரு சர்வர் போர்டுலயும் பிஎம்சின்னு ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் தனியா இருக்கும். சர்வர் ஆஃப்ல இருந்தாலும் கரண்ட் வந்தாப் போதும், இது முழிச்சிருக்கும். தூரத்துல இருந்தே ஆன், ஆஃப் பண்ணலாம், சூடு எவ்வளவுன்னு பார்க்கலாம். எல்லா கம்பெனி சர்வர்கிட்டயும் ஒரே மாதிரி பேசறதுக்காக ரெட்ஃபிஷ்னு ஒரு பொதுத் தரம் 2015-ல வந்தது.

2. நெட்வொர்க் வழியா முதல் மூச்சு. புது சர்வர் எழுந்ததும் அதோட டிஸ்க்ல ஒண்ணும் இருக்காது. பிஎக்ஸ்இங்கற முறைப்படி "நான் யாரு, எனக்கு என்ன ஏத்தணும்?"னு நெட்வொர்க்ல கேக்கும். ஒரு மையச் சர்வர் அதுக்கு ஐபி முகவரி கொடுத்து, ஏத்த வேண்டிய சிஸ்டத்தை அனுப்பி வைக்கும். கேனானிக்கல் கம்பெனியோட மாஸ், ஓப்பன்ஸ்டாக்கோட ஐரானிக் மாதிரி மென்பொருள்கள் இந்த வேலையைத்தான் செய்யுது.

3. உடல் பரிசோதனை. எத்தனை ஜிபி மெமரி, எத்தனை டிஸ்க், ஏதாவது பழுதா? தானாவே சோதிச்சுப் பதிவு பண்ணிக்கும். எக்செல் எழுத ஆள் வேண்டாம்.

4. வேலைக்கு ஏத்த அமைப்பு. இது டேட்டாபேஸ் சர்வரா, வெப் சர்வரா? அதுக்குத் தகுந்த மாதிரி மென்பொருள், பயனர் அனுமதி, ஃபயர்வால் எல்லாம் ஏறும். பப்பெட், செஃப், ஆன்சிபிள் மாதிரி கருவிகள் இதுக்குத்தான். கிளவுடுல சர்வரையே புதுசா உருவாக்க டெராஃபார்ம்.

5. கண்காணிப்பு. வேலைக்குச் சேர்ந்த நிமிஷத்துல இருந்து ஒவ்வொரு சர்வரும் "நான் எந்தப் பதிப்பு, எப்படி இருக்கேன்"னு சொல்லிக்கிட்டே இருக்கும். கெட்டுப்போனா வரிசையில இருந்து தானா ஓரங்கட்டும், வேலை இன்னொரு சர்வருக்கு மாறும்.

ஒரு நிமிஷம். இதெல்லாம் 2012-க்கு அப்புறம் வந்ததுன்னு நினைக்காதீங்க. மார்க் பர்ஜெஸ் ஆஸ்லோ பல்கலைக்கழகத்துல சிஎஃப்எஞ்சின் எழுதினது 1993-ல. பப்பெட் வந்தது 2005-ல. நைட் கேப்பிடலுக்கு 46 கோடி டாலர் போன அன்னைக்கு இந்தக் கருவிகள் இலவசமாவே கிடைச்சுக்கிட்டிருந்தது.

இது அப்படியே போர்ட்ஃபோலியோ ரீபேலன்சிங்தான்

இந்தக் கருவிகளோட மையக் கருத்து ஒண்ணே ஒண்ணு. நம்ம வாசகர்களுக்கு அது ஏற்கனவே நல்லாத் தெரியும்.

"60% பங்கு, 40% கடன் ஃபண்ட்"னு ஒரு இலக்கு வெச்சுக்கிறீங்க. சந்தை ஏறினா அது 68:32 ஆயிடும். வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்து மறுபடி 60:40-க்குக் கொண்டு வர்றீங்க. ஏற்கனவே 60:40-லயே இருந்தா? ஒண்ணும் செய்ய மாட்டீங்க.

சர்வர்லயும் அதேதான். "எட்டு சர்வர்லயும் 2-ம் பதிப்பு இருக்கணும், பழைய நிரல் இருக்கக் கூடாது"ன்னு இலக்கை ஒரு ஃபைல்ல எழுதி வைக்கிறாங்க. கருவி ஒவ்வொரு சர்வரையும் பார்த்து, இலக்குக்கும் நிஜத்துக்கும் வித்தியாசம் இருந்தா மட்டும் சரி செய்யும். பத்து தடவை ஓட்டினாலும் முடிவு ஒண்ணுதான். "பத்து கிலோ அரிசி வாங்கிட்டு வா"ன்னு தினமும் சொன்னா வீடு குடோன் ஆயிடும். "டின்ல பத்து கிலோ இருக்கற மாதிரி பார்த்துக்கோ"ன்னு சொன்னா, குறைஞ்சா மட்டும்தான் கடைக்குப் போவாங்க. ரெண்டாவது மாதிரி சொல்றதுதான் இந்தக் கருவிகளோட பாஷை.

யாரோ ராத்திரி அவசரத்துல ஒரு சர்வர்ல கையை வெச்சு எதையோ மாத்திட்டுப் போயிட்டா, அதுக்கு "டிரிஃப்ட்"னு பேர். 60:40 தானா 68:32 ஆனதும் அதே டிரிஃப்ட்தான். கவனிக்காம விட்டா ரெண்டுமே ஆபத்து.

அந்த இலக்கு ஃபைலை யார் மாத்தினாலும் வரலாறு பதிவாகும். இன்னொருத்தர் படிச்சு ஒப்புதல் கொடுத்தாதான் உள்ள போகும். தப்பானா முந்தின பதிப்புக்குத் திரும்பலாம். நைட் கேப்பிடல்ல இல்லாத "ரெண்டாவது ஆள்" இங்க முறையிலேயே இருக்காரு.

அப்போ ஆட்டோமேஷன் வந்தா எல்லாம் சுபமா?

இல்ல. நேர்மையா இதையும் சொல்லணும்.

கையால செஞ்சா எட்டுல ஒண்ணு தப்பாகும். ஆட்டோமேஷன்ல கட்டளையே தப்பா இருந்தா எட்டுமே ஒரே நொடியில தப்பாகும். தப்பு நடக்கிற வாய்ப்பு குறையுது, நடந்தா அடி பெருசு. இன்சூரன்ஸ் பாஷையில சொன்னா, கிளெய்ம் எண்ணிக்கை கம்மி, கிளெய்ம் தொகை பெருசு.

2017 பிப்ரவரி 28. அமேசானோட எஸ்3 சேமிப்புச் சேவையில, பில்லிங் சிஸ்டத்தைச் சரிபார்க்கும்போது ஒரு ஊழியர் சில சர்வர்களை நிறுத்தக் கட்டளை கொடுத்தார். ஒரு எண் தப்பா விழுந்துடுச்சு. நினைச்சதை விட ரொம்ப அதிகமான சர்வர்கள் நின்னுபோச்சு. ஏகப்பட்ட இணையதளங்கள் சில மணி நேரம் தடுமாறிச்சு. அமேசான் அதுக்கப்புறம் செஞ்சது கவனிக்க வேண்டிய விஷயம். "இனி கவனமா டைப் பண்ணுங்க"ன்னு சர்க்குலர் விட்டதோட நிக்கல. அந்தக் கருவியையே மாத்தினாங்க: சர்வர்களை மெதுவாத்தான் நிறுத்த முடியும், குறைஞ்சபட்ச அளவுக்குக் கீழ போறதா இருந்தா கட்டளையையே ஏத்துக்காது.

இன்னொண்ணு நேரா நம்ம டாபிக். ஆஸ்திரேலியாவுல யூனிசூப்பர்னு ஒரு ஓய்வூதிய ஃபண்ட். நம்ம ஊர் பிஎஃப், என்பிஎஸ் மாதிரி. 2024-ல இவங்களுக்கு 6 லட்சத்துக்கும் மேல உறுப்பினர்கள், சுமார் 12,500 கோடி ஆஸ்திரேலிய டாலர் சொத்து இருந்தது. இவங்க சிஸ்டம் கூகுள் கிளவுடுல ஓடிச்சு. 2024 மே மாசம் ஒரு நாள் அந்த அமைப்பு காணாமப் போச்சு. ஹேக்கர் இல்ல. 2023-ல கூகுள் ஊழியர்கள் ஒரு உள் கருவி மூலமா அதை உருவாக்கும்போது ஒரு கட்டத்தைக் காலியா விட்டிருக்காங்க. காலியா விட்டா, "ஒரு வருஷம்தான் ஆயுள், அப்புறம் அழிச்சிடு"ன்னு கருவி தானா எடுத்துக்கிச்சு. ஒரு வருஷம் முடிஞ்சது. கருவி சொன்ன பேச்சைக் கேட்டு அழிச்சிடுச்சு. வாடிக்கையாளர் அழிக்கச் சொன்னதா இருந்தா முன்னறிவிப்பு போயிருக்கும். இது அப்படி இல்லாததால எந்த அறிவிப்பும் போகல.

ஒரு வாரம் அளவுக்கு உறுப்பினர்களால தங்கள் ஓய்வூதியக் கணக்கைத் திறந்து பார்க்கவே முடியல. எப்படித் தப்பிச்சாங்க? பேக்கப் இருந்தது. கூகுளோட தனிச் சேமிப்புல ஒண்ணு, அதோட வேற ஒரு நிறுவனத்துகிட்டயும் ஒண்ணு. யாரோட பணமும் போகல. ஆனா ரிட்டையர் ஆகப்போற ஒருத்தர் அந்த ஒரு வாரம் எப்படித் தூங்கியிருப்பார்னு யோசிச்சுப் பாருங்க.

அதனால நல்ல ஆட்டோமேஷனுக்கு வேகத்தை விட பிரேக் முக்கியம். முதல்ல ஒரு சர்வர்ல மட்டும் மாத்தி, கொஞ்ச நேரம் பார்த்து, அப்புறம் பத்து, அப்புறம் நூறு. நடுவுல கோளாறுன்னா தானா நிக்கணும். ஏத்தி முடிச்சதும் "எட்டுலயும் ஒரே பதிப்பா?"ன்னு கருவியே எண்ணிப் பார்க்கணும். அழிக்கிற வேலைன்னா மனுஷன்கிட்ட கேக்கணும். புதுசா 500 ரூபாய் அனுப்பிப் பார்த்துட்டு அப்புறம் 5 லட்சம் அனுப்புவோமே, அதே புத்திதான்.

இதுல பணம் எங்க இருக்கு?

முதலீட்டாளர் கண்ணால பார்க்கலாம்.

அமேசான்னா நமக்குக் கடை ஞாபகம் வரும். 2024-ல அமேசானோட மொத்த விற்பனை சுமார் 63,800 கோடி டாலர். அதுல ஏடபிள்யூஎஸ் கிளவுடு வெறும் 10,760 கோடி டாலர், ஆறுல ஒரு பங்கு. ஆனா செயல்பாட்டு லாபத்தைப் பாருங்க: மொத்தம் 6,860 கோடி, அதுல கிளவுடு மட்டும் 3,980 கோடி. பாதிக்கும் மேல! சர்வரை வாடகைக்கு விடற தொழில் இவ்வளவு லாபம் தர முக்கியமான காரணம், நீங்க பட்டனைத் தட்டினா ஆள் தலையீடே இல்லாம நிமிஷத்துல சர்வர் தயாராகறதுதான்.

ஐபிஎம், டெராஃபார்ம் கருவியை உருவாக்கின ஹாஷிகார்ப்பை 640 கோடி டாலர் மதிப்புல வாங்கினது 2025 பிப்ரவரியில முடிஞ்சது. ஐபிஎம்முக்குச் சொந்தமான ரெட் ஹாட், ஆன்சிபிளை 2015-லயே வாங்கிடுச்சு. பெரிய கம்பெனிகள் எதுல காசு போடறாங்கன்னு இதுல தெரியும்.

இன்னொரு நுணுக்கம், ஆண்டறிக்கை படிக்கிறவங்களுக்கு. 12 லட்ச ரூபாய் சர்வரை 4 வருஷத்துல தேய்மானம் எழுதினா வருஷத்துக்கு 3 லட்சம் செலவு. 6 வருஷம்னு மாத்தினா 2 லட்சம். பணம் ஒரு பைசா மாறல, லாபம் மட்டும் 1 லட்சம் கூடிச்சு. கூகுளோட தாய் நிறுவனம் ஆல்ஃபபெட் 2023-ல தன் சர்வர்களோட ஆயுளை 4-ல இருந்து 6 வருஷமா மாத்திச்சு. பழைய சர்வரை அவ்வளவு நாள் ஓட்ட, பழுதானதைத் தானா கண்டுபிடிச்சு ஓரங்கட்டற முறை ரொம்ப உதவும். ஆனா எல்லாரும் ஒரே திசையில போகல. ஏஐ வேகமா மாறுதுன்னு சொல்லி, 2025-ல இருந்து அமேசான் ஒரு பகுதி சர்வர்களோட ஆயுளை 6-ல இருந்து 5 வருஷமாக் குறைச்சது. டெக் கம்பெனியோட லாபம் திடீர்னு கூடினாலோ குறைஞ்சாலோ, இந்தத் தேய்மானக் குறிப்பையும் ஒரு தடவை தேடிப் பாருங்க.

"வேலை போகுமா சார்?"

நம்ம வாசகர்கள்ல சர்வர் சப்போர்ட், சிஸ்டம் அட்மின் வேலையில இருக்கிறவங்க கண்டிப்பா இருப்பீங்க. உங்களுக்கு இந்தக் கட்டுரை வேற மாதிரி வலிக்கும்.

சுத்தி வளைக்காம சொல்றேன். டிக்கெட் வந்தா அதே பத்துக் கட்டளையை டைப் பண்ற வேலைக்கு எதிர்காலம் இல்ல. ஆனா அந்தப் பத்துக் கட்டளை எப்ப ஓடக் கூடாதுன்னு தெரிஞ்ச ஆளுக்கு மதிப்பு கூடும். கூகுள்ல சர்வர்களைப் பார்த்துக்கிற பொறியாளர் குழுக்களுக்கு ஒரு விதி உண்டு: திரும்பத் திரும்பச் செய்யற கைவேலை அவங்க நேரத்துல 50%-க்கு மேல போகக் கூடாது. மீதி நேரத்துல அந்த வேலையை இல்லாம ஆக்கற நிரலை எழுதணும்.

லினக்ஸ், நெட்வொர்க் அடிப்படை, கொஞ்சம் பைத்தான், ஆன்சிபிள் அல்லது டெராஃபார்ம்ல ஒண்ணு, கிட். கத்துக்க லட்ச ரூபாய் கோர்ஸ் தேவையில்ல. ஆன்சிபிள் இலவசம். பழைய லேப்டாப்ல மூணு விர்ச்சுவல் மெஷின் போட்டுப் பழகலாம். இதையும் ஒரு முதலீடா நினைங்க. கூடவே ஆறு மாசச் செலவுக்கு எமர்ஜென்சி ஃபண்ட் வெச்சுக்கோங்க.

நம்ம பணத்துக்கு நாம என்ன செய்யலாம்?

புரோக்கரோட சர்வர் நம்ம கையில இல்ல. ஆனா சிலது நம்ம கையிலதான் இருக்கு. 2021 பிப்ரவரி 24 ஞாபகம் இருக்கா? என்எஸ்இ-யில காலை 11.40-க்கு வர்த்தகம் நின்னுச்சு, மதியம் 3.45-க்குத்தான் மறுபடி ஆரம்பிச்சு 5 மணி வரைக்கும் போச்சு. அது தொலைத்தொடர்பு இணைப்புல வந்த கோளாறு, காரணம் வேற. ஆனா எஃப்அண்டுஓ-வுல மாட்டியிருந்தவங்களுக்கு வலி ஒண்ணுதான்.

- சொந்தப் பேக்கப் வெச்சுக்கோங்க. என்எஸ்டிஎல், சிடிஎஸ்எல் அனுப்பற ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கை பிடிஎஃப்-ஐத் தனி ஃபோல்டர்ல சேமிங்க. உங்க பங்கு புரோக்கர்கிட்ட இல்ல, டெபாசிட்டரியில இருக்கு. புரோக்கர் ஆப் திறக்கலைன்னாலும் சிடிஎஸ்எல்லோட ஈசி மாதிரி வசதியில நேராப் பார்க்கலாம்.
- ஒரே இடத்துல எல்லாத்தையும் வைக்காதீங்க. எமர்ஜென்சி பணம் ரெண்டு பேங்க்ல இருக்கட்டும். ஒரு பேங்க் யூபிஐ படுத்தா இன்னொண்ணு கை கொடுக்கும்.
- காலியா விட்ட கட்டத்தைப் பாருங்க. யூனிசூப்பர் பாடம் இதுதான். எஸ்ஐபி மேண்டேட் முடியற தேதி என்ன? எஃப்டி-யில ஆட்டோ ரினியூவல் போட்டீங்களா, இல்ல பேங்க்கே எடுத்துக்கிச்சா? நாமினி கட்டம் காலியா இருக்கா? இன்னைக்கே பாருங்க.
- 97 ஈமெயிலை மறக்காதீங்க. பேங்க், புரோக்கர் மெயில்ல "ஃபெயில்டு", "ரிஜெக்டட்"னு வந்தா மட்டும் தனியா காட்டற மாதிரி ஃபில்டர் போடுங்க. மத்த மெயில் கும்பல்ல அது தொலையக் கூடாது.
- டிரேடர்கள் கவனத்துக்கு: புரோக்கரோட டீலிங் டெஸ்க் போன் நம்பரைக் காகிதத்துல எழுதி வைங்க. ஆப் நின்ன அப்புறம் ஆப்ல நம்பர் தேட முடியாது. சிஸ்டம் நாலு மணி நேரம் நின்னா தாங்க முடியாத அளவுக்கு பொசிஷன் எடுக்காதீங்க.

முதல் மூணுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும். வீட்டுக்காரர், வீட்டம்மா ரெண்டு பேரும் சேர்ந்து உக்காந்து செஞ்சா இன்னும் நல்லது. ஏன்னா நைட் கேப்பிடல்ல இல்லாம போனது அந்த ரெண்டாவது ஜோடிக் கண்தான்.

சர்வர் ஆட்டோமேஷன்ல வேலை பார்க்கிற நண்பர்கள் இருந்தா, உங்க கம்பெனி பேரைச் சொல்லாம, நீங்க வெச்சிருக்கிற பிரேக் என்னன்னு கமெண்ட்ல எழுதுங்க. மத்தவங்க உங்க எஸ்ஐபி முடியற தேதியைப் பார்த்துட்டு வந்து "பார்த்தாச்சு"ன்னு ஒரு வார்த்தை போடுங்க. எத்தனை பேர் ஆச்சரியப்பட்டீங்கன்னு தெரிஞ்சுக்கணும்.

*குறிப்பு: இங்க சொன்ன கம்பெனிகள் உதாரணத்துக்கு மட்டும். எந்தப் பங்கையும் வாங்கவோ விற்கவோ சொல்லும் பரிந்துரை இல்லை. முதலீடு செய்யும் முன் உங்கள் ஆலோசகரிடம் பேசுங்கள்.*